எண்ணெய்ப் படலத்தின் கீழே நத்தைகள்

குளம், ஏரி, ஆறு ஆகியவற்றின் நலத்தை மதிப்பிட நன்னீர் நத்தைகளைச் சுட்டுயிரிகளாகக் கொள்ளலாம் என்பது பழைய கருத்து. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எண்ணெய் மாசு என்று வரும்போது ஒரு சிக்கல் தலைதூக்குகிறது. சாக்கடை கலந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும் என்று நீர்த்தர மதிப்பீட்டில் நாம் எந்த நத்தைகளுக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்து ஒதுக்கி வைத்திருக்கிறோமோ, அவைதாம் நீர்ப்பரப்பில் எண்ணெய் மிதக்கும்போது முதலில் மாட்டிக்கொள்ளக்கூடியவை. அவை மூச்சு விடும் முறையே அதற்குக் காரணம். எண்ணெய் மாசுக்கு நத்தை நல்ல சாட்சியா என்று கேட்பவரிடம், எந்த நத்தை, அது எப்படி மூச்சு விடுகிறது என்று திருப்பிக் கேட்பதே என் வழக்கம்.

முதலில், மீன் இருக்க நத்தை எதற்கு என்ற கேள்வியை முடித்துவிடலாம். மீன் நீந்தித் தப்பிவிடும். மாசு பட்ட இடத்தில் இன்று பிடித்த மீன் நேற்று எங்கே இருந்தது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நத்தையோ பெரும்பாலும் பிறந்த இடத்துக்கு அருகிலேயே மேய்ந்து, வளர்ந்து, முட்டையிட்டு மடிகிறது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. எண்ணெயில் உள்ள பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களை (கார்பன் வளையங்கள் பல இணைந்த நச்சுச் சேர்மங்களை) மீனின் கல்லீரல் விரைவாகச் சிதைத்துப் பித்தத்தின் வழியே வெளியேற்றிவிடுகிறது. அதனால் மாசடைந்த நீரில் வாழ்ந்த மீனின் தசையில்கூட அவை குறைவாகவே தென்படலாம். நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளுக்கு அந்தச் சிதைக்கும் திறன் மிகக் குறைவு. உள்ளே போனது மெதுவாகத்தான் வெளியே வரும் என்பதால், சில வாரங்களுக்கு முன் நீரில் என்ன இருந்தது என்பதை நத்தையின் உடல் ஓரளவு சேர்த்து வைத்திருக்கிறது. நீரை ஒரு குப்பியில் பிடித்துச் சோதித்தால் அந்த ஒரு கணத்தின் அளவு மட்டும் கிடைக்கும். நத்தையின் திசுவைச் சோதித்தால் கடந்துபோன நாட்களின் சுவடும் கிடைக்கும். செத்த பிறகும் ஓடு மிஞ்சுவது கூடுதல் வசதி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி மூச்சு. நன்னீர் நத்தைகளில் பெரும்பாலானவற்றை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். லிம்னேயா, ஃபைசா, தட்டையாகச் சுருண்ட பிளானார்பிடே குடும்பத்து நத்தைகள் ஆகியவை நுரையீரல் உள்ளவை. இவற்றின் ஓட்டுக்கு மூடி கிடையாது. விவிபாரிடே, தியாரிடே போன்ற குடும்பத்தவை செவுளால் மூச்சு விடுபவை. இவற்றுக்கு ஓட்டின் வாயை அடைத்துக்கொள்ள மூடி உண்டு. பைலா போன்ற ஆப்பிள் நத்தைகள் இரண்டையும் வைத்திருக்கின்றன: செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு, மூடியும் உண்டு. களத்தில் பிரித்தறிவது கடினமன்று. ஓட்டின் கூர்முனை மேலே இருக்க, வாய் நம்மைப் பார்த்தபடி இருக்க நிறுத்தினால், லிம்னேயாவின் வாய் வலப்பக்கமும் ஃபைசாவின் வாய் இடப்பக்கமும் இருக்கும். மூடி இருக்கிறதா என்பதை விரல் பட்டவுடன் நத்தையே காட்டிவிடும்.

நுரையீரல் நத்தை மூச்சு வாங்குவதைக் கண்ணாடித் தொட்டியில் அருகிருந்து பார்க்க வேண்டும். செடித் தண்டைப் பற்றி மெல்ல மேலேறி, நீர்ப்பரப்பை எட்டியதும் உடலைச் சற்றே சாய்த்து, ஓட்டின் விளிம்பை ஒட்டியுள்ள மூச்சுத்துளையைக் காற்றை நோக்கித் திறக்கிறது. துளையின் விளிம்பு நீரில் ஒட்டாத தன்மை உடையது. ஆகவே நீர்ப்பரப்பில் ஒரு சிறு பள்ளம் விழுந்து, அதன் நடுவே காற்றுக்கு வழி பிறக்கிறது. சற்று நேரத்தில் துளை மூடிக்கொள்ள, நத்தை மீண்டும் கீழே இறங்குகிறது. நீர் குளிர்ந்திருந்தால் தோலின் வழியே கிடைக்கும் ஆக்சிஜனே பெரும்பாலும் போதும் என்பதால் மேலே வருவது அரிதாகிறது. நீர் சூடாகி ஆக்சிஜன் குறைந்தால் அடிக்கடி வரவேண்டியிருக்கிறது. ஒரே அளவு எண்ணெய் குளிர்காலத்தில் சிந்தினால் ஒரு விளைவும் கோடையில் சிந்தினால் வேறொரு விளைவும் ஏற்படக்கூடும் என்பதற்கு இந்தச் சிறு அசைவே போதிய விளக்கம்.

இப்போது அதே நீர்ப்பரப்பில் டீசலோ மண்ணெண்ணெயோ படர்ந்திருப்பதாகக் கொள்வோம். நீரை விலக்கும் மூச்சுத்துளையின் விளிம்பு எண்ணெயை விலக்காது. எண்ணெய் அதை நனைத்துவிடும். கொசுப்புழுக்களை ஒழிக்கத் தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் ஊற்றிய பழைய முறையும் இதே இயற்பியலை நம்பியதுதான்: பரப்புக்கு வந்து மூச்சு வாங்குகிற உயிரின் மூச்சுக்குழாயில் எண்ணெய் நுழைந்துவிடுகிறது. இதற்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று கேட்டால் விடை வியப்பளிக்கும். கடலில் எண்ணெய்ப் படலத்தின் தோற்றத்தை வைத்துத் தடிமனைக் கணிக்க ஐரோப்பிய நாடுகள் பயன்படுத்தும் பான் உடன்படிக்கையின் அளவுகோலின்படி, வானவில் நிறம் காட்டும் படலத்தின் தடிமன் 0.3 முதல் 5 மைக்ரோமீட்டர் வரைதான். 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு குளம் முழுவதும் வானவில் நிறம் மின்ன ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் எண்ணெயே போதும். மிகத் தடித்த வானவில் படலமாக இருந்தாலும் 5 லிட்டர்தான். மெல்லிய படலமெல்லாம் நத்தையைக் கொன்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. காற்று அடித்து அதை ஓர் ஓரமாக ஒதுக்கினால், நத்தைகள் மேலேறும் அந்தக் கரையோரச் செடிகளுக்கு இடையில்தான் அது தடித்துத் தேங்கும் என்பதே கவலை.

செவுள் நத்தைக்குப் படலத்தால் நேரடித் தொல்லை குறைவு. அதற்கு ஆபத்து நீரில் கரைந்த பகுதியிலிருந்து வருகிறது. எண்ணெயும் நீரும் கலக்காது என்று பள்ளியில் படித்தது முழு உண்மையன்று. எண்ணெய் என்பது ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கலவை, அவற்றில் சில நன்றாகவே கரையும். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் பென்சீன் ஏறத்தாழ 1.8 கிராம் கரையும். நாப்தலீன் ஏறத்தாழ 30 மில்லிகிராம். ஐந்து வளையங்கள் கொண்ட பென்சோபைரீன் ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் சில பங்குகள் மட்டுமே. பென்சீனும் டொலுவீனும் விரைவில் ஆவியாகிப் போய்விடும் என்றாலும், போவதற்கு முன் செல்சவ்வுகளின் கொழுப்பில் புகுந்து ஒருவகை மயக்கத்தை உண்டாக்குகின்றன. அந்த மயக்கம் நத்தையில் கண்ணுக்கே தெரியும். பாதத்தின் பிடி தளர்ந்து கல்லிலிருந்து உதிர்கிறது. தொட்டால் உள்ளிழுத்துக்கொள்ளும் வேகம் குறைகிறது. சில வேளை பாதம் வெளியே தொங்கியபடியே கிடக்கிறது. மயங்கிய நத்தை தூய நீருக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஓடும் ஆற்றில் பிடி தளர்வது என்பதோ அடித்துச் செல்லப்படுவது என்று பொருள். செத்தவற்றை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பு இந்த இழப்பைத் தவறவிட்டுவிடும்.

மூடி உள்ள நத்தைகளுக்கு ஒரு தற்காப்பு உண்டு. மாசு வரும்போது வாயை அடைத்துக்கொண்டு காத்திருக்க அவற்றால் முடியும். சில மணி நேரம் கடந்து போகும் மாசு அலையை அவை இப்படித் தாண்டிவிடலாம். மாசு நீடித்தால் மூடி பயன்படாது, திறந்துதான் ஆகவேண்டும். நுரையீரல் நத்தைகளின் தப்பும் வழி வேறு: நீரைவிட்டு வெளியே ஏறிவிடுவது. கரைக் கற்களிலும் நாணல் தண்டுகளிலும் நீர்மட்டத்துக்கு மேலே நத்தைகள் கூட்டமாக ஒட்டியிருப்பதைப் பார்த்தால், நீரில் ஏதோ சரியில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். அது எண்ணெய்தானா என்பது அடுத்த கேள்வி.

இங்கே மதிப்பெண் முறைக்கு வருகிறேன். பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியில் உருவாகி, பின்னர் பல நாடுகளில் உள்ளூர் மாற்றங்களுடன் பரவிய பிஎம்டபிள்யூபி முறையில், முதுகெலும்பற்ற நீர்வாழ் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் தரப்படுகிறது. மாசைத் தாங்காத குடும்பத்துக்கு அதிகம், தாங்குவதற்குக் குறைவு. அதில் லிம்னேயிடே, ஃபைசிடே, பிளானார்பிடே ஆகிய மூன்று நுரையீரல் குடும்பங்களுக்கும் 3. செவுளுள்ள விவிபாரிடேக்கு 6. கழிவுநீரால் ஆக்சிஜன் குறையும் நிலையை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட முறை என்பதால் இது நியாயமே. காற்றிலிருந்து மூச்சு வாங்கும் நத்தைக்கு நீரில் ஆக்சிஜன் குறைந்தால் என்ன? பிளானார்பிடே நத்தைகளின் இரத்தத்தில் ஹீமோகுளோபினும் இருப்பதால் அவை இன்னும் நன்றாகச் சமாளிக்கும். ஆனால் பரப்பை அடைக்கும் மாசின் முன் இந்த வலிமையே பலவீனமாகிவிடுகிறது. எண்ணெய் சிந்திய இடத்தில் மூன்று மதிப்பெண் குடும்பங்கள் மறைந்து ஆறு மதிப்பெண் குடும்பம் எஞ்சினால், குடும்பங்களின் சராசரி மதிப்பெண் உயர்ந்து, நீர் முன்பைவிட நன்றாக இருப்பதாகக்கூடக் காட்டலாம். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்றில்லை. ஆனாலும் ஒற்றை எண்ணை மட்டும் அறிக்கையில் எழுதி, குடும்பங்களின் பட்டியலை விட்டுவிடும் பழக்கத்தை நான் எதிர்ப்பதற்கு இது ஒன்றே போதும்.

கனமான எண்ணெய் என்றால் கதை மறுபடியும் திரும்புகிறது. 2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு குழாய் வெடித்து, நீர்த்த பிட்யூமன் எனப்படும் தார்போன்ற கனரக எண்ணெய் ஏறத்தாழ 8,43,000 கேலன் அளவுக்கு வெளியேறி, டால்மட்ஜ் ஓடை வழியாகக் கலமாசூ ஆற்றில் கலந்தது. பிட்யூமனைக் குழாயில் ஓடவைக்கச் சேர்த்திருந்த இலேசான கரைப்பான்கள் ஆவியாகிப் போக, எஞ்சியதில் ஒரு பகுதி வண்டல் துகள்களோடு சேர்ந்து அடியில் அமர்ந்தது. மிதக்கும் எண்ணெயை அள்ளப் பழகியிருந்தவர்கள் ஆற்றின் அடியைத் தூர்வார வேண்டியதாயிற்று. அந்த வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. இத்தகைய இடத்தில் பரப்புக்கு வந்து போகும் நத்தையைவிட, வண்டலில் புதைந்து வாழும் மெலனாய்டிஸ் போன்ற நத்தையும், அடியில் கிடந்து நீரை வடிகட்டியும் வண்டலை உண்டும் வாழும் விவிபாரிடே நத்தையுமே பொருத்தமான சாட்சிகள். அடியில் அமர்ந்த எண்ணெயைத் தேட நீர்ப்பரப்பு நத்தையை அனுப்பிப் பயனில்லை.

முட்டைகளைத் தனியே பேச வேண்டும்; என் மதிப்பீட்டில் நத்தையின் வாழ்வில் எண்ணெயின் தாக்கத்தை நுட்பமாகக் காட்டும் கட்டம் இதுதான். லிம்னேயா இலைகளின் அடியிலும் கற்களிலும் நிறமற்ற கூழ்போன்ற நீள் திரளாக முட்டையிடும். கைலென்சை வைத்துப் பார்த்தால், திரளுக்குள் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு தெளிந்த உறை, அதற்குள் ஒரு கரு. சில நாட்களில் அந்தக் கரு தன் நுண்மயிர்களின் அசைவால் உறைக்குள் மெல்லச் சுழலத் தொடங்கும். பிறகு ஓட்டின் முதல் சுவடும், கண்ணின் கரும்புள்ளியும், துடிக்கும் இதயமும் தெரியவரும். வெளிப்படையாக எல்லாம் தெரிவதால், கரு எந்த நாளில் எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்று எழுதிவைக்கலாம். முதிர்ந்த நத்தைகள் வழக்கம்போல மேய்ந்துகொண்டிருக்க, முட்டைத் திரள்கள் மட்டும் குறைவதோ, கருக்கள் சுழலாமல் நிற்பதோ, குஞ்சுகள் பொரிந்தும் வளராமல் இருப்பதோ, குறைந்த அளவு மாசின் நீண்டகாலத் தாக்கத்துக்குரிய அடையாளங்கள். 2016இல் பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி லிம்னேயா ஸ்டாக்னாலிஸ், பொட்டாமோபைர்கஸ் ஆன்டிபொடாரம் ஆகிய இரு நன்னீர் நத்தைகளுக்கு வேதிப்பொருள் சோதனை நெறிமுறைகளை வெளியிட்டபோது இரண்டிலும் இனப்பெருக்கத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது சும்மா அன்று.

செல் அளவிலும் அளவைகள் உண்டு. நத்தையின் இரத்தச் செல்களில் உள்ள லைசோசோம்களின் (கழிவைச் செரிக்கும் நுண்பைகளின்) சவ்வு நியூட்ரல் ரெட் என்னும் சாயத்தை எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்ப்பது ஒரு முறை. சவ்வு பலவீனப்பட்டிருந்தால் சாயம் சீக்கிரம் கசியும். டிஎன்ஏ உடைந்திருக்கிறதா என்று பார்க்கும் காமெட் சோதனை இன்னொரு முறை. இவை மரணத்துக்கு வெகு முன்பே எச்சரிப்பவை. ஆய்வகத்தில் செய்யும் பல சோதனைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. பல்வளைய ஹைட்ரோகார்பன்களில் சில, சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் படும்போது பன்மடங்கு நச்சாகின்றன. சாதாரண விளக்கொளியில் கண்ணாடிக் குவளைக்குள் தாங்கிக்கொண்ட உயிர், அதே அளவு மாசுள்ள தெளிந்த ஆழமற்ற குளத்தில் நண்பகல் வெயிலில் தாங்காமல் போகலாம். ஒளி ஊடுருவும் முட்டைத் திரளுக்கு இந்த ஆபத்து எப்படி இருக்கும் என்பதை ஒவ்வொரு சோதனையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நத்தை இல்லாமல் போனால் அந்த நீர்நிலையில் வேறு என்ன மாறும் என்பதற்கு ஒரு கடல் நிகழ்வே நல்ல விளக்கம். 1967 மார்ச்சில் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் டோரி கேன்யன் என்னும் எண்ணெய்க் கப்பல் தரைதட்டியது. கரைப்பாறைகளைத் தூய்மைப்படுத்த 10,000 டன்னுக்கு மேல் தெளித்த நச்சுக் கரைப்பான்கள், பாறைகளில் மேய்ந்த லிம்பெட் நத்தைகளை எண்ணெயைவிட அதிகமாக அழித்தன. மேய்பவை போனதும் பாறைகள் பச்சைப் பாசியால் மூடிக்கொண்டன. குளத்திலும் கற்களின் மேல் படியும் பாசிப் பூச்சைச் சுரண்டித் தின்னும் வேலையை நத்தைகளே பெருமளவு செய்கின்றன. ஆகவே எண்ணெய்க் கசிவுக்குச் சில வாரங்களுக்குப் பின் திடீரெனப் பாசி செழித்தால், அதை உரச்சத்து மிகுதியாலானது என்று உடனே முடிவுகட்டாமல், மேய்பவை இருக்கின்றனவா என்று கல்லைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இனிச் சாட்சியின் பலவீனம். டிரைபியூட்டைல்டின் என்ற கப்பல் பூச்சு வேதிப்பொருள் கடல் நத்தைப் பெண்களுக்கு ஆண் உறுப்பை வளரச் செய்தது. அந்த அடையாளம் அந்த ஒரே மாசுக் குடும்பத்தையே வலுவாகச் சுட்டியது. எண்ணெய்க்கு நத்தை உடலில் அப்படி ஒரு தனி முத்திரை கிடையாது. முட்டை குறைவது, மயக்கம், லைசோசோம் பலவீனம் எல்லாம் வேறு மாசுகளாலும் வரும். குறிப்பாகத் தாமிரம். நத்தைகளைக் கொல்லத் தாமிர சல்ஃபேட்டையே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால் அவற்றின் உணர்திறனைப் புரிந்துகொள்ளலாம். சாலையிலிருந்து வழிந்துவரும் மழைநீரில் என்ஜின் எண்ணெயும் இருக்கும், வண்டிகளின் பிரேக் தேய்மானத்திலிருந்து வரும் தாமிரமும் இருக்கும். பரப்பில் மின்னும் எண்ணெயைப் பார்த்துப் பழியை அதன்மேல் மட்டும் போடுவது எளிது. நத்தைகளைக் கொன்றது கண்ணுக்குத் தெரியாத தாமிரமாக இருக்கலாம். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நீரில் மாசே இல்லாமலும் நத்தைகள் குறைவாக இருக்கும். ஆகவே திசுவில் சேர்ந்த ஹைட்ரோகார்பன்களின் வகையையும் பார்த்தாக வேண்டும். இரண்டு, மூன்று வளையங்கள் கொண்டு, பக்கக் கிளைகள் நிறைந்த சேர்மங்கள் மிகுந்திருந்தால் அவை எண்ணெயிலிருந்தே வந்திருக்க வாய்ப்பு அதிகம். நான்கு வளையங்களுக்கு மேற்பட்ட, கிளையற்ற சேர்மங்கள் மிகுந்திருந்தால் விறகு, நிலக்கரி, எரிபொருள் எரிந்த புகையின் படிவாக இருக்கலாம்.

வானவில் நிறமே எண்ணெய் ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரும்புச் சத்துள்ள ஊற்று நீரில் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் படலமும் அதேபோல் மின்னும். ஒரு குச்சியால் கலக்கிப் பார்த்தால் பாக்டீரியாப் படலம் கண்ணாடிச் சில்லுகள்போல உடைந்து பிரிந்தே நிற்கும். எண்ணெய்ப் படலம் சுழன்று மீண்டும் ஒன்றுசேரும்.

களத்தில் நான் மதிக்கும் முறை இது. கசிவுக்கு மேலே ஓர் இடம், கீழே குறைந்தது இரண்டு இடங்கள். மூன்றிலும் அடித்தரை, செடி, ஓட்ட வேகம் ஒத்திருக்க வேண்டும். ஒரே வலை, ஒரே நேரம். எண்ணிக்கையோடு நிற்காமல் ஓட்டின் நீளத்தையும் அளக்க வேண்டும். பெரியவை மட்டும் இருந்து சிறியவை இல்லையென்றால் அந்த ஆண்டின் குஞ்சுகள் பிழைக்கவில்லை என்று பொருள். மூடியுள்ளவை தனி, மூடியற்றவை தனி. வெற்று ஓடுகளைக் கழித்துக் கட்டாமல் அவற்றையும் எண்ண வேண்டும். உயிருள்ள நத்தை ஒன்றும் இல்லாத இடத்தில் நிறம் மங்காத, விளிம்பு தேயாத புதிய ஓடுகள் நிறையக் கிடைத்தால், அங்கே நத்தைகள் அண்மைக் காலம் வரை இருந்தன என்பது உறுதி. ஓடே இல்லையென்றால் அவை முன்பும் இல்லாதிருந்திருக்கலாம். கசிவுக்கு முந்தைய பதிவு எதுவும் இல்லாத நீர்நிலைகளில் இந்த ஓடுகளைத் தவிர வேறு பழைய சாட்சி கிடைப்பது அரிது.

மீட்சியைக் கணிக்கும்போது முதலில் சொன்ன பிரிவே மீண்டும் தேவைப்படுகிறது. நுரையீரல் நத்தைகள் இருபால் உயிரிகள். துணை கிடைக்காவிட்டால் தன்கருவுறுதலால் தனியொரு நத்தையே முட்டையிட முடியும். வெள்ளத்தில் மிதந்துவந்த ஒரு செடியில் ஒட்டியிருந்த ஒரே ஒரு ஃபைசாகூடக் காலியான குளத்தை மறுபடி நிரப்பத் தொடங்கும். எனவே கசிவுக்குப் பின்வரும் ஆண்டில் ஃபைசா பெருகியிருந்தால், நீர்ப்பரப்பு திறந்திருக்கிறது, மேய்வதற்குப் பாசி இருக்கிறது என்று எழுதலாம்; வண்டல் தூய்மையாகிவிட்டது என்று எழுதக் கூடாது. விவிபாரிடே நத்தைகளில் ஆண், பெண் தனித்தனி; குட்டிகளை உடலுக்குள் சுமந்து சிறு எண்ணிக்கையிலேயே ஈனுகின்றன; வண்டலிலேயே வாழ்கின்றன. அவை திரும்புவது மெதுவாக நடக்கும். வெவ்வேறு வயதுக்குரிய ஓட்டு நீளங்களோடு அவை மறுபடி வலையில் விழும்வரை அந்த இடத்தைக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நான் நீக்கமாட்டேன்.